கொழும்பைப் பார்க்கவென்றே ஒரு பயணம்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வெளிக்கிடுவோருக்கு

எங்கள் குடும்பத்தில் கொழும்புக்குப் போகாத ஆள் இல்லை. கொழும்பைப் பார்த்த ஆளும் இல்லை. அப்பா பென்ஷன் அலுவலாகப் போனார், அக்கா கண் காட்டப் போனார், நான் பாஸ்போர்ட் எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போனேன். இரவு ஏறி விடிய இறங்குவோம். வரிசையில் நிற்போம். ஒரு சோத்துப் பார்சல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் இரவு ஏறுவோம். ஒருநாள் மகள் கேட்டாள்: "அப்பா, கொழும்புல என்ன இருக்கு?" யோசித்துப் பார்த்தேன். வரிசை, வெக்கை, கோட்டை ஸ்டேஷன் படிக்கட்டு. அதற்கு மேல் ஒன்றும் வாயில் வரவில்லை.

அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு போனோம். அதற்குப் பிறகு இரண்டு தடவை, வேறு வேறு உறவினர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அந்த மூன்று பயணங்களில் சரிவந்ததையும் பிழைத்துப்போனதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கணக்கு மூன்று பகல், நான்கு இரவு. போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவில் இரண்டு இரவு தங்கல்.

முதல் வேலை: அலுவலை வீட்டில் விட்டுவிடுங்கள்

"போறதுதானே, அப்படியே அந்தக் கடிதத்தையும் குடுத்திட்டு வருவம்" என்று யாராவது தொடங்குவார்கள். விடாதீர்கள். கந்தோர் என்று ஒன்று பயணத்துக்குள் வந்தால் ஒரு பகல் முழுதாகப் போய்விடும். எங்கள் முதல் பயணத்தில் மாமா ஒருவரின் படிவம் ஒன்றுக்காக நூதனசாலைக்குப் போகிற நாளையே இழந்தோம். அந்தப் படிவமும் அன்று முடியவில்லை.

இரண்டாவது, இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கொழும்பு இலக்கம் போட்டுப் பிரித்த ஊர். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, மருதானை 10, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13 என்று 15 வரை போகும். 15 முகத்துவாரம். நம்மூரிலும் ஒரு முகத்துவாரம் இருப்பதால், ஓட்டோக்காரர் அந்தப் பெயரைச் சொன்னதும் மாமி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது தனிக்கதை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புறக்கோட்டை, மத்தியானம் தெஹிவளை, பின்னேரம் பத்தரமுல்லை என்று போட்டால் வாகன நெரிசலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

எப்போது போவது

நமக்கும் அவர்களுக்கும் மழை வேறு. இங்கே கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை ஊற்றும். வெள்ளம் வந்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதி மூடப்படும், ரயிலும் தடைப்படும். கொழும்புக்குப் பெரிய மழை மே, ஜூன் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் பின்னேரம் இடியோடு கொட்டும். இரண்டு பக்கமும் காய்ந்திருப்பது பெப்ரவரி, மார்ச். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை பார்த்துப் போவதென்றால் ஓகஸ்ட் நல்லது. ஏப்ரல் நடுப்பகுதி வேண்டாம்: சித்திரைப் புத்தாண்டுக்குப் புறக்கோட்டையே பூட்டிக் கிடக்கும், கொழும்புக்காரர் பாதிப்பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

விழா பார்த்துப் போவதென்றால் மூன்றைச் சொல்வேன். பெப்ரவரிப் பௌர்ணமியை ஒட்டிக் கங்காராமை விகாரையின் நவம் பெரஹெர ஊர்வலம். ஆடியில் ஆடிவேல், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் தேர் வரும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி. புத்தகப் பைத்தியம் உள்ள வீடென்றால் மூன்றாவதுக்கே போங்கள், ஆனால் அப்போது வேறெதற்கும் நேரம் இருக்காது.

நாள்களை நான் இப்படிப் போடுவேன்: சனி இரவு ஏறுவது, ஞாயிறு காலை இறங்குவது, செவ்வாய் இரவு திரும்புவது. ஞாயிறு புறக்கோட்டையில் பெரும்பாலான கடைகள் பூட்டு, அதனால் அன்றைக்கு வெள்ளவத்தையும் காலிமுகத்திடலும். திங்கள் நூதனசாலை. செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு உகந்த நாள்.

போவது எப்படி

மட்டக்களப்பு ஆட்களுக்கு ரயில்தான். பகலில் உதயதேவி, இரவில் மீனகயா. நம் வாவியின் பாடும் மீனை வைத்துத்தான் அந்தப் பெயர். எப்படியும் எட்டு ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். இருக்கைப் பதிவு முப்பது நாளைக்கு முன்பே திறக்கும். விடுமுறைக் காலமென்றால் திறக்கிற அன்றைக்கே போய்ப் போடுங்கள், இணையத்திலும் போடலாம். எல்லாருடைய அடையாள அட்டை இலக்கமும் கையில் இருக்கட்டும், பயணத்தின்போது அட்டையும் வேண்டும். போக எடுக்கிற அன்றே திரும்பி வரவும் எடுத்துவிடுங்கள். மழை, புயல் அடித்த காலமென்றால் ரயில் முழுத் தூரமும் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

இரவு ரயில் கல்லோயாப் பக்கம் ஊர்ந்து போகும். பழுதென்று நினைக்க வேண்டாம், யானைக்காகத்தான். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. மெதுவாகவே போகட்டும்.

முதன்முதல் போகிற பிள்ளைகள் இருந்தால் ஒரு வழியையாவது பகலில் வையுங்கள். மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடப்பது, பொலன்னறுவை, இரண்டு பக்கமும் வயல், காடு. பொலன்னறுவை வரும்போது அந்தப் பெயரைப் பிள்ளைகள் காதில் போட்டு வையுங்கள், நூதனசாலையில் உதவும்.

கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆட்களுக்கு ரயில் இல்லை, பாதை மட்டக்களப்போடு முடிகிறது. உங்களுக்கு இரவு பஸ்தான் லேசு. பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வருவதில் ஏறுங்கள். மஹியங்கனை, கண்டி வழி அழகு, ஆனால் பதினெட்டு வளைவில் பிள்ளைகளுக்கு வயிறு பிரட்டும்.

எங்கே தங்குவது

வெள்ளவத்தை. உறவினர் வீடு கிடைத்தாலும் சரி, லொட்ஜ் என்றாலும் சரி. தமிழில் கதைக்கலாம், சாப்பாட்டுக்குத் தேடித் திரிய வேண்டாம், கடற்கரையோரம் ரயில் நிலையம், மேலே காலி வீதியில் 100, 101 பஸ் வந்தபடி இருக்கும்.

அறை பேசும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "விடிய ஐந்து மணிக்கு வந்தால் அறை தருவீர்களா?" நான் கேட்கவில்லை. போனில் "வாங்க வாங்க" என்ற லொட்ஜ்காரர், விடியற்காலையில் இரண்டு பிள்ளைகளோடும் தயிர்ச் சட்டியோடும் போய் நின்றபோது "பன்னிரண்டு மணிக்கு மேலதான்" என்றார். ஏழரை வரைக்கும் நடையில் குந்தியிருந்தோம். அடுத்த தடவை அரை நாள் வாடகை கூடக் கொடுத்து முன்கூட்டியே பேசிக்கொண்டோம். அந்தக் காசு வீண் இல்லை.

வயதான ஆட்களைக் கூட்டிப் போனால் லொட்ஜ் என்ற சொல்லுக்கே சிலர் முகம் மாறும். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரை இரவோடு இரவாக எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதும், பிறகு உயர் நீதிமன்றம் தடுத்ததும் அவர்களுக்கு மறக்கவில்லை. எங்கள் அப்பா முதல் இரவு அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு: வெள்ளவத்தையும் காலிமுகத்திடலும்

விடிய கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் ஓட்டோவுக்கு ஓடாதீர்கள். முகம் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கரையோரப் பாதையில் முதல் ரயில் எது என்று கேட்டு ஏறுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கடல். இரவு முழுக்கத் தூங்கி வழிந்த பிள்ளைகள் அங்கே எழும்பி நிற்பார்கள்.

குளித்துச் சாப்பிட்டு மத்தியானம் வரைக்கும் படுங்கள். வந்த களைப்போடு ஊர் சுற்றினால் அடுத்த நாளும் கெடும்.

பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, மயூரபதி அம்மன் கோயிலைக் கும்பிட்டுக்கொண்டு, 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போங்கள். 1942இல் தொடங்கியது, நல்ல நூலகம் இருக்கிறது. வார இறுதியில் நூல் வெளியீடோ பேச்சோ பெரும்பாலும் நடக்கும். அழைப்பிதழ் தேவையில்லை, போய்ப் பின்வரிசையில் இருக்கலாம். காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. உள்ளே போவதற்கு முன் எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் பஸ் ஏறிக் காலிமுகத்திடல். ஐந்தரைக்குள் அங்கே நிற்க வேண்டும். இந்தத் திடல் 1859இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் உலாவும் வெளியாக முடிக்கப்பட்டது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தனக்குப் பின் வருவோரும் இதைக் காக்க வேண்டும் என்று கல்வெட்டிலேயே எழுதி வைத்தார். தெற்கு மூலையில் 1864இல் தொடங்கிய ஹோட்டல், வடக்கே 1930இல் திறந்த பழைய பாராளுமன்றம். இப்போது அது ஜனாதிபதி செயலகம். 2022 போராட்டத்தில் கூடாரம் அடித்துச் சனம் இருந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

ஆனால் நமக்கு அங்கே பெரிய காட்சி வேறு. நாம் கிழக்குக் கரை ஆட்கள். கல்லடியிலோ கல்முனையிலோ பாசிக்குடாவிலோ நின்றால் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பின்னேரம் அது வாவிக்கும் வயலுக்கும் பின்னால் போய்விடும். கடலுக்குள் சூரியன் இறங்குவதை எங்கள் பிள்ளைகள் அதற்கு முன் கண்டதில்லை. மகள் இறால் வடையைக் கையில் வைத்தபடி, கடிக்காமல் நின்றாள். "அப்பா, அது உள்ளுக்குப் போகுது." அடிப்பக்கம் தட்டையாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நகக்கீற்று அளவு மிஞ்சி, பிறகு இல்லை. பக்கத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த கொழும்புப் பையன் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த இறால் வடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருப்பு வடைக்கு மேலே தலையோடு முழு இறால் இரண்டு மூன்றைப் பதித்துப் பொரிப்பது. துண்டு துண்டாக வெட்டி, வெங்காயமும் உறைப்புச் சோஸும் ஊற்றித் தருவார்கள். வாவி இறால் தின்ற வாய்க்கு அந்த இறால் ஒன்றுமில்லை. வடை நல்லது. சுடச்சுடப் பொரிக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள், அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள்.

திரும்பும்போது ஒரு சிக்கல் உண்டு. காலி வீதி அந்தப் பகுதியில் ஒருவழி, கோட்டைப் பக்கம்தான் போகும். வெள்ளவத்தைக்கு வரும் பஸ் டூப்ளிகேஷன் வீதியால் போகும், அங்கே நடந்து போய்த்தான் ஏற வேண்டும். இறங்கிய இடத்துக்கு எதிரே நின்று அரை மணித்தியாலம் கைகாட்டியவன் சொல்கிறேன்.

திங்கள்: நூதனசாலை, அதைச் சுற்றி மற்றது

பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் தேசிய நூதனசாலையைப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரி தொடக்கி, 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்தது. கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். "உனக்கு என்ன வேண்டும்" என்று ஆளுநர் கேட்டபோது, "வெள்ளிக்கிழமை பூட்டி வையுங்கள்" என்று அவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதையோ உண்மையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

எல்லா அறைகளையும் பார்க்க வெளிக்கிடாதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடிப் போங்கள்.

ஒன்று, காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல். 1409 என்று காலம் குறித்தது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் கிடந்த கல்லாகக் கண்டெடுத்தார்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையிலிருந்த தென்னவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் இஸ்லாமியப் பக்கத்துக்கும் காணிக்கை. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று யாருக்கும் குறை வைக்காத பட்டியல். கல் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பார்த்தால் தமிழ் எழுத்துகள் சில பிடிபடும். மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஓர் எழுத்தைக் கண்டுபிடித்தான், பிறகு அந்த இடத்தைவிட்டு வரமாட்டேன் என்றான். காணிக்கை கொடுத்த அதே செங் ஹே அந்தப் பயணத்தில்தான் கோட்டேயை ஆண்ட அழகக்கோனோடு சண்டை பிடித்து, 1411இல் அவனைச் சீனாவுக்கே கொண்டுபோனான். அதைக் கல் சொல்லாது.

இரண்டு, பொலன்னறுவை வெண்கலங்கள். சோழர் காலத்துச் சிவன் கோயில்களில் மண்ணுக்கடியில் கிடந்தவை. நடராசர், பார்வதி, நாயன்மார், காரைக்காலம்மையார். ரயிலில் வந்த வழியிலிருந்துதான் இவையும் வந்தன என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். காரைக்காலம்மையாரின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்: எலும்பும் தோலும், வற்றிய மார்பு, கையில் தாளம், முகத்தில் மட்டும் சிரிப்பு. பேயுரு வேண்டிப் பெற்ற கதையை அறியாத பிள்ளைக்கும் அந்தச் சிரிப்பு விளங்கும். இந்த வெண்கலங்களைப் பற்றி முன்னோடியாக எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் பிறந்ததும் கொழும்பில், நூதனசாலை திறந்த அதே 1877இல். வெளியே மரநிழலில் ஓவியங்களை நடைபாதையில் சாய்த்து விற்கிறார்களே, அந்த வீதிக்கு அவர் பெயர்தான்.

மூன்று, கண்டி அரசரின் சிம்மாசனம். ஒல்லாந்தர் 1692இல் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கொண்டுபோனது, 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பிறந்த பெயர் கண்ணுச்சாமி. வேலூரில் சிறையிருந்து 1832இல் செத்தான். நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்த பொருள்களில் ஒன்றான லெவ்கே பீரங்கியும் இங்கேதான், பொன்னும் மணியும் பதித்த சாமான். ஆண் பிள்ளைகள் சிம்மாசனத்தைவிட இதைத்தான் பார்த்தார்கள்.

உள்ளே போக உள்ளூர்க்காரருக்குக் குறைந்த கட்டணம். கனடாவிலிருந்து வந்த மச்சான் கூட வந்தால் அவருக்கு வெளிநாட்டுக் கட்டணம், பல மடங்கு. "நானும் மட்டக்களப்பான்தானே" என்று வாதாடிப் பயனில்லை.

வெளியே வந்தால் விகாரமாதேவிப் பூங்கா, எதிரே 1920களில் கட்டிய வெள்ளை நகர மண்டபம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதைப் பூங்காவில் சாப்பிடலாம். பக்கத்திலேயே கொழும்புப் பல்கலைக்கழகம். காரைதீவு, கல்லடி ஆட்கள் அந்த வளாகத்தை ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்த அடிகள் வந்தபோது பல்கலைக்கழகம் இங்கேதான் இருந்தது. பேராதனை அதற்குப் பிறகு. 1947இல் கொழும்பில் காலமாகி, கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கமானார்.

நாலு மணிக்குச் சுதந்திர சதுக்கம். கண்டி அரசரின் கொலுமண்டபமான மகுல் மடுவவைப் போலக் கட்டிய மண்டபம். சுதந்திரம் 1948 பெப்ரவரி 4. இந்த இடத்தில் பெருவிழா நடந்தது பெப்ரவரி 10ஆம் திகதி. பக்கத்தில் விலைகூடிய கடைகள் உள்ள அழகான பழைய கட்டடம் ஒரு காலத்தில் மனநோய் மருத்துவமனை. ஐஸ்கிரீம் விலையைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது.

கால் வலிக்காதவர்கள் பேரே வாவிக்கு ஓட்டோவில் போய், தண்ணீருக்கு மேலே கட்டிய சீமமாலக்க என்ற பௌத்த விகாரையைப் பாருங்கள். ஜெப்ரி பாவா வடிவமைத்தது, பணம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் வணிகர். இருட்டுகிற நேரம் தண்ணீரில் விளக்கு விழும். பக்கத்துக் கங்காராமையில் மூலைக்கு மூலை சாமான், பழைய கார் உட்பட. எனக்கு அது தலையைச் சுற்றியது, பிள்ளைகளுக்குப் பிடித்தது.

தாமரைக் கோபுரத்தை எங்கிருந்தும் காணலாம். 350 மீற்றர், 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்குக் கட்டணம் கையைக் கடிக்கும்; பிள்ளைகள் அழுதால் மட்டும் போங்கள்.

செவ்வாய்: கோட்டை, புறக்கோட்டை, கொச்சிக்கடை

லொட்ஜைக் காலி செய்து, பைகளை அங்கேயே பின்னேரம் வரைக்கும் வைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இன்று நடை அதிகம். தடித்த செருப்பு, தண்ணீர்ப் போத்தல், முன்பக்கம் தொங்கும் பை.

கோட்டையில் கோட்டை இல்லை. மதில்களை 1870ஐ ஒட்டி ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் பிடித்த கோட்டையை மதிலோடும் வாவியோடும் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள்தான் மட்டக்களப்புக்கு வர வேண்டும். இங்கே ஒல்லாந்தர் மருத்துவமனை, 1857இல் கட்டிப் பிறகு வெளிச்சவீடாகவும் இருந்த மணிக்கூட்டுக் கோபுரம், இரண்டையும் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

புறக்கோட்டைக்குள் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். ஒன்றில் மின்சாமான், ஒன்றில் புடவை, ஒன்றில் மொத்த அரிசி சீனி, ஒரு சந்தில் முழுக்க மருந்துச் சரக்கு. நாட்டாமைகள் என்ற சுமை தூக்கும் தொழிலாளர்கள் தள்ளுவண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நிறுத்தி வழிவிடும் பழக்கம் இல்லை, நாம்தான் ஒதுங்க வேண்டும். இரண்டாம் குறுக்குத் தெருவில் செங்கல் வரி வரியாகச் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது சம்மாங்கோட்டுப் பள்ளி, 1909இல் கட்டி முடித்தது. தொழுகை நேரம் தவிர்த்து, உடம்பு மூடிய உடையோடு போய்க் கேட்டால் உள்ளே காட்டுவார்கள். நகைக்கடை நிறைந்த செட்டியார் தெருவில் பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். நகை வாங்குவது இந்தப் பயணத்தின் வேலை இல்லை என்று வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை.

அங்கிருந்து நடையாகவோ ஓட்டோவிலோ கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் 1857இல் பொன்னம்பல முதலியார் எடுத்தது. மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெயிலில் அலைந்துவிட்டு உள்ளே கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். தூணில் கை வைத்துப் பாருங்கள். மத்தியானம் நடை சாத்துவார்கள், பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். ஆண்கள் சட்டை கழற்ற வேண்டியிருக்கும்.

சற்றுத் தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமை உள்ளே நிற்க இடம் இருக்காது. சேலை கட்டிய, பொட்டு வைத்த, முக்காடு போட்ட எல்லாரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 காலை இங்கே குண்டு வெடித்தது. அதே காலை எங்கள் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். மட்டக்களப்பிலிருந்து போகிற யாருக்கும் இந்த ஆலயம் சுற்றுலா இடம் இல்லை. என் மனைவி அங்கே இரண்டு திரி கொளுத்தினாள். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை. வாசலில் பை சோதிப்பார்கள், பொறுமையாக நில்லுங்கள். உள்ளே படம் எடுக்க வேண்டாம்.

நாலாம் நாள் கிடைத்தால்: உண்மையான தலைநகரம்

பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இலங்கையின் தலைநகரம் எது? பொது அறிவுப் புத்தகம் ஸ்ரீ ஜெயவர்தனபுரக் கோட்டே என்று சொல்லும். பாராளுமன்றம் அங்கே, தியவன்னா ஓயா நடுவில், இதுவும் ஜெப்ரி பாவா வடிவமைத்தது. 1982 ஏப்ரல் 29இல் திறந்தது. உள்ளே போக முன்கூட்டியே எழுதி அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இல்லாவிட்டாலும் தண்ணீரோர நடைபாதையில் பின்னேரம் நடக்கலாம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெல போகும் 177 பஸ் அந்தப் பக்கம் போகும். நூதனசாலைக் கல்லில் சொல்லாமல் விட்ட அழகக்கோனின் கோட்டை நின்ற ஊரும் இதுதான். மண்மேடும் அகழித் துண்டுகளும் வீடுகளுக்கிடையில் கிடக்கின்றன. வரலாற்றில் பைத்தியம் இல்லாதவர்களுக்கு அது வெறும் மேடு.

காசு, சாப்பாடு, வாய்ச்சொல்

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை சொல்ல மாட்டேன். பங்கு சொல்கிறேன்: எங்களுக்குப் பாதிக் காசு தங்கலுக்கும் வந்துபோன பயணத்துக்கும், கால்வாசி சாப்பாட்டுக்கும் போனது. மீதியில் பெரும்பங்கை ஓட்டோ தின்றது, நுழைவுக் கட்டணம் மிகக் கொஞ்சம். அதனால் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஓட்டோவில் பிடியுங்கள். போனில் பிக்மீ அல்லது ஊபர் போட்டு விலையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். தனியாக நிற்கும் ஓட்டோவில் மீற்றர் ஓடுகிறதா என்று பாருங்கள். நூதனசாலைப் பக்கம் போக 138 பஸ், காலி வீதிக்கு 100, 101.

சிங்களம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை மூன்றிலும் தமிழே போதும். மற்ற இடங்களுக்கு இரண்டு சொல்: "கீயத" என்றால் எவ்வளவு, "மெதனின் பஹினவா" என்றால் இங்கே இறங்குகிறேன். இரண்டாவதைக் கொஞ்சம் உரத்துச் சொல்ல வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும், மத்தியானம் சோத்துப் பார்சல், இரவுக்கு அப்பமோ கொத்தோ. மத்தியானம் கொத்துக் கேட்காதீர்கள், இரவுக் கடைக் கல்லில் போடும் கொத்துத்தான் கொத்து.

உறவினர் வீட்டுக்குத் தயிர் கொண்டுபோகாமல் இருக்க முடியாது என்று தெரியும். சட்டியின் வாயைத் துணியால் கட்டுவது போதாது. வாழையிலை, அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் துணி, பிறகு காலுக்கிடையில் வையுங்கள். மேல்தட்டில் வைத்த எங்கள் சட்டி ஹபரணை தாண்டும்போது சாய்ந்து, கீழே தூங்கிய ஐயாவின் தோளில் சொட்டியது. நல்ல மனிதர். துடைத்துவிட்டு, "எந்த ஊர்த் தயிர் தம்பி?" என்றுதான் கேட்டார்.

திரும்பும் இரவு ஒரு மணித்தியாலம் முன்பே கோட்டை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பார்சலாகக் கட்டிக்கொள்ளுங்கள். எந்த மேடைக்கு ரயில் வருகிறது என்பதை அறிவிப்பை நம்பி இராமல் ஓர் ஊழியரிடமும் கேளுங்கள், கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். தயிர்ச் சட்டி இருந்த இடத்தில் இப்போது பூபாலசிங்கத்துப் பை இருக்கும், தாராளமாக மேல்தட்டில் வைக்கலாம்.